மூச்சின் கடைசி முழம்: பிராணவாயுக் குழாயின் வரலாறு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மருந்தின் வரலாற்றையே எழுதுகிறார்கள். அந்த மருந்து நோயாளியின் உடலை வந்தடைந்த வழியின் வரலாறு அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. பிராணவாயுவின் கதையும் இதற்கு விலக்கன்று. அதை முதலில் கண்டவர் ஸ்வீடனின் ஷீலேயா, இங்கிலாந்தின் ப்ரீஸ்ட்லியா, அதற்குப் பெயர் சூட்டிய பிரான்ஸின் லாவாஸியேயா என்ற வழக்கைப் பள்ளிப் பாடநூல்கள்கூடப் பேசுகின்றன. ஆனால் 1770களில் கண்டறியப்பட்ட ஒரு வாயு, மூச்சுத் திணறும் மனிதர் ஒருவருக்கு அவர் வீட்டிலேயே, அவருடைய கட்டிலருகிலேயே, நாள்தோறும் 15 மணி நேரம் கிடைப்பதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின. ஏன் இத்தனை காலம்?

காரணங்கள் பல. அந்த வாயுவை மலிவாகச் செய்து சேமிக்கும் முறை நெடுங்காலம் கைவரவில்லை. எந்த நோய்க்கு எவ்வளவு கொடுப்பது என்ற அறிவும் மெல்ல மெல்லவே வளர்ந்தது. இவை இரண்டையும் வரலாற்றாசிரியர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அதிகம் பேசாத மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. அது குழாய். வாயு எத்துணைத் தூயதாக இருப்பினும், மூக்கை அடைவதற்கு முந்தைய கடைசி முழத்தில் அது சிந்திப்போனால் நோயாளிக்குப் பயனில்லை. சென்ற இரு நூற்றாண்டுகளில் பிராணவாயு சிகிச்சை பலமுறை தோற்றுப்போனது அந்தக் கடைசி முழத்தில்தான். இன்றும் வீட்டில் இச்சிகிச்சை பெறுகிறவர்களின் வாழ்வும் வசதியும் பெருமளவு அந்த மலிவான குழாயையே நம்பியிருக்கின்றன.

கண்ணாடியும் எண்ணெய்ப் பட்டும்

1774 ஆகஸ்ட் 1ஆம் தேதி, இங்கிலாந்தின் வில்ட்ஷர் பகுதியிலுள்ள போவுட் மாளிகையில், ஜோஸப் ப்ரீஸ்ட்லி செந்நிறப் பாதரச ஆக்ஸைடின் மீது பெரிய கண்ணாடி வில்லையொன்றால் சூரிய ஒளியைக் குவித்தார். வெளிப்பட்ட வாயுவில் மெழுகுவர்த்தி வியக்கத்தக்க ஒளியுடன் எரிந்தது. மறு ஆண்டு மார்ச் மாதம் ஒரு சுண்டெலியை அவ்வாயுவுக்குள் வைத்துப் பார்த்தார். அவர் எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் அது உயிரோடிருந்தது. பிறகு தாமே சுவாசித்துப் பார்த்தார். நமக்கு வேண்டிய செய்தி இங்கேதான் இருக்கிறது. வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றின் வழியே அவர் அதை உறிஞ்சினார். பிராணவாயுவை மனித உடலுக்குள் கொண்டுசென்றதாகப் பதிவாகியுள்ள மிகப் பழைய குழாய்களுள் அது ஒன்று.

சற்று நேரத்துக்கு நெஞ்சு இலேசாக இருந்ததாக அவர் எழுதி வைத்தார். எதிர்காலத்தில் இது செல்வந்தர்களின் ஆடம்பரப் பொருளாகலாம் என்றும், நோயாளிகளுக்குப் பயன்படலாம் என்றும் ஊகித்தார். கூடவே ஓர் எச்சரிக்கையும் செய்தார்: இவ்வாயுவில் மெழுகுவர்த்தி விரைந்து எரிந்து தீர்வதுபோல, மனித உயிரும் விரைந்து தீர்ந்துவிடக்கூடும்.

இதே ப்ரீஸ்ட்லிதான் அதற்கு நான்காண்டுகள் முன்பு, 1770இல், தென்னமெரிக்க மரப்பால் கட்டியொன்று பென்சில் கோடுகளை அழிப்பதற்கு மிக உகந்தது என்று ஒரு நூலில் குறிப்பிட்டார். தேய்த்து அழிக்கும் பொருள் என்பதாலேயே அதற்கு ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயர் நிலைத்தது. உயிர் காக்கும் வாயுவும், அதை ஏந்திச் செல்லப்போகும் பொருளும் ஒரே மனிதரின் மேசைமீது இருந்திருக்கின்றன. இரண்டையும் இணைக்க வழியில்லை. அன்றைய ரப்பர் குளிரில் கல்லாக இறுகும், வெயிலில் பிசினாக உருகும். அதைக்கொண்டு உறுதியான குழாய் செய்ய இயலாது.

ஆகவே அடுத்த முயற்சி பட்டுத் துணியில் நடந்தது. தாமஸ் பெட்டோஸ் என்ற மருத்துவர், வாயுக்களைக்கொண்டு நோய் தீர்க்கும் கனவோடு 1799இல் பிரிஸ்டல் நகரில் நியூமேட்டிக் இன்ஸ்டிட்யூஷன் என்னும் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அவருக்குக் கருவிகள் வடிவமைத்துக் கொடுத்தவர் நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட். வாட்டின் மகள் ஜெஸ்ஸி 1794இல் காசநோயால் இறந்திருந்தாள். தந்தையின் துயரம் அக்கருவிகளின் பின்னே இருந்தது. எண்ணெய் தோய்த்த பட்டுப் பைகளில் வாயுவை நிரப்பி, வாயில் பொருத்தும் குழலால் நோயாளிகள் உறிஞ்சினார்கள். அங்கே பணிபுரிந்த இளைஞர் ஹம்ஃப்ரி டேவி. சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து பார்த்தவர்களில் கவிஞர்கள் கோல்ரிட்ஜும் சதேயும் உண்டு. இலக்கிய வரலாற்றில் இந்நிலையத்துக்கு ஓர் இடம் கிடைத்தது, மருத்துவ வரலாற்றில் அது சில ஆண்டுகளிலேயே மங்கியது. பை காலியாகும்வரை சில நிமிடங்கள் உறிஞ்சுவதுதான் அன்று சாத்தியம். காசநோயாளிக்குச் சில நிமிடப் பிராணவாயு என்ன செய்யும்? 1801இல் டேவி லண்டனுக்குப் போய்விட்டார். வாட் தம் மகன் கிரெகரியையும் 1804இல் இழந்தார்.

பால்மரத்தின் கொடை

ரப்பரின் குறையை நீக்கியது கந்தகம். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலுக்கும் குளிருக்கும் தாங்கும் என்பதை அமெரிக்காவின் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரினார். 1860இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒகூஸ்ட் நெலாத்தோன் சிறுநீர்ப் பாதைக்கென மென்மையான ரப்பர் குழாயொன்றைச் செய்தார். உலோகக் குழாய்களின் வேதனையிலிருந்து நோயாளிகளை விடுவித்தது அது. வேறோர் உறுப்புக்காகச் செய்யப்பட்ட இத்தகைய குழாய்தான் பின்னர் மூக்கிற்கும் வந்தது.

இங்கே தமிழர்களின் வரலாறு உண்மையாகவே வந்து சேர்கிறது. ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனின் க்யூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த ரப்பர் விதைகளின் நாற்றுகள் இலங்கைக்கும், 1877இல் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைக் கீறிப் பால் வடிக்கும் முறையை 1890களில் வகுத்தார். மோட்டார் வண்டி பெருகியபோது மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களில் வேலை செய்யக் கங்காணிகள் மூலம் கப்பலேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் அதைப் பால்மரம் என்றார்கள். குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாகச் சுரக்கும் என்பதால் இருள் பிரியுமுன்னரே கத்தியும் வாளியுமாக மரவரிசைகளுக்கிடையே நடந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் உலக ரப்பரின் பெரும்பங்கு அந்தத் தோட்டங்களிலிருந்தே போயிற்று. ரப்பர் என்றதும் சக்கரத்தை நினைக்கிறோம். மருத்துவமனைக் கட்டில்களின் அருகே தொங்கிய செந்நிறக் குழாய்களும் அந்தப் பாலில் பிறந்தவைதாம்.

புனலிலிருந்து மூக்குக்கு

குழாய் கிடைத்துவிட்டது. வாயுவும் விரைவில் கிடைத்தது. 1886இல் லண்டனில் ப்ரின் சகோதரர்களின் கம்பெனி பேரியம் சேர்மத்தைக்கொண்டு காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து விற்கத் தொடங்கியது. 1902இல் ஜெர்மனியின் கார்ல் ஃபான் லிண்டே திரவக் காற்றை வடித்துப் பிராணவாயு எடுக்கும் முறையை நடைமுறைப்படுத்தினார். வீட்டிலேயே நோயாளிக்கு இவ்வாயுவைக் கொடுத்த முயற்சிகளும் அதற்கு முன்பே உண்டு. 1885 மார்ச்சில், பென்ஸில்வேனியாவின் யார்க் ஊரில், ஜார்ஜ் ஹோல்ட்ஸாப்பிள் என்ற இளம் மருத்துவர் நிமோனியாவில் தவித்த ஓர் இளைஞனின் கட்டிலருகிலேயே வேதிப்பொருள்களைச் சூடாக்கிப் பிராணவாயு உண்டாக்கிக் கொடுத்தார். அவன் பிழைத்தான்.

ஆயினும் பெரும்பாலான மருத்துவர்கள் அன்று செய்தது வேறு. சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் முனையில் ஒரு புனலை மாட்டி, அதை நோயாளியின் முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாயுவின் பெரும்பகுதி அறைக்காற்றில் கலந்து மறைந்தது. நோயாளி தேறவில்லை, ஆகவே பிராணவாயுவால் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். குழாயின் குற்றம் வாயுவின் மேல் விழுந்தது.

இந்நிலையை மாற்றியது ஒரு போர். 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர் களத்தில் ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. நுரையீரல் வெந்துபோன படைவீரர்களைக் காப்பது எப்படி என்ற கேள்வி உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேனின் முன் வந்தது. சுரங்க விபத்துகளையும் நச்சுக்காற்றையும் பல்லாண்டு ஆராய்ந்தவர் அவர். 1917இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியான கட்டுரையில், பிராணவாயுவை எவ்வாறு கொடுப்பது என்பதை ஓர் அறிவியல் கேள்வியாகவே அவர் எடுத்துக்கொண்டார். எவ்வளவு வாயு வெளிவருகிறது என்று அளந்து, முகமூடியும் பையும் பொருத்தி, இடைவிடாமல் கொடுக்க வேண்டும் என்றார். விட்டுவிட்டுப் பிராணவாயு கொடுப்பது, நீரில் மூழ்குகிறவனை அவ்வப்போது மேலே தூக்கிவிட்டு மறுபடி அமிழ்த்துவது போன்றது என்ற ஒப்புமையை அவர் பெயரால் சொல்வது மருத்துவ மாணவர்களிடையே இன்றும் வழக்கம்.

முகமூடி அணிந்தவர் உண்ண முடியாது, தண்ணீர் குடிக்க முடியாது, பேசினால் புரியாது. மாற்றாக, லண்டனின் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன் 1907இலேயே மெல்லிய ரப்பர் குழாயை மூக்கின் வழியே செலுத்தும் முறையைக் கையாண்டிருந்தார். அதன் முனை தொண்டையின் மேற்பகுதிவரை போக வேண்டும். சளி அடைக்கும், மூக்கின் உட்புறம் புண்ணாகும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து மறுதுளைக்கு மாற்ற வேண்டும். கொதிநீரில் போட்டுத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தலாம் என்பது ரப்பரின் நல்ல குணம். கொதிக்கக் கொதிக்க அது பிசுபிசுத்து வெடிக்கும் என்பது கெட்ட குணம்.

குழாயை உள்ளே செலுத்தத் தேவையே இல்லை, மூக்குத் துளைகளின் வாயிலில் இரு சிறு முனைகள் நின்றாலே போதும் என்ற எளிய எண்ணத்துக்கு 1949ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ப்ரின் சகோதரர்களின் கம்பெனி பின்னாளில் பிரிட்டிஷ் ஆக்ஸிஜன் கம்பெனியாக வளர்ந்திருந்தது. அங்கே பணிபுரிந்த வில்ஃப்ரெட் ஜோன்ஸின் அமைப்புக்கு அவ்வாண்டு காப்புரிமை பெறப்பட்டது. இன்று நேசல் கேனுலா என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூக்குக் குழாயின் மூதாதை அது. நோயாளி உண்ணலாம், பேசலாம், உறங்கலாம்.

டயர் கம்பெனியின் பிளாஸ்டிக்

அந்த மூக்குக் குழாயை எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோன பொருள் ரப்பரன்று. 1926இல் அமெரிக்காவின் பி. எஃப். குட்ரிச் டயர் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன், உலோகத்தில் ரப்பரை ஒட்டுவதற்கு ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். பிவிசி என்ற, யாருக்கும் உதவாத விறைப்பான பொருளைச் சில கரைப்பான்களோடு சூடாக்கியபோது, அது வளைந்து கொடுக்கும் மென்பொருளாக மாறியது. ரப்பர் கம்பெனி ஒன்றிலேயே ரப்பரின் மாற்று பிறந்தது. இரண்டாம் உலகப்போரில், 1942 தொடக்கத்தில், மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் வசமாயின. நேசநாடுகளுக்கு இயற்கை ரப்பர் வரத்து பெரிதும் அற்றுப்போகவே, செயற்கைப் பொருள்களின் காலம் தொடங்கியது. போருக்குப் பின் மருத்துவமனைகளில் கண்ணாடிப் புட்டிகளின் இடத்தில் பிளாஸ்டிக் இரத்தப்பைகள் வந்தன, ரப்பரின் இடத்தில் பிவிசி குழாய்கள் வந்தன.

இம்மாற்றம் பேணுதலின் பொருளையே மாற்றிவிட்டது. ரப்பர் குழாயைப் பேணுவதென்றால் கழுவுவது, கொதிக்க வைப்பது. பிவிசி குழாய் கொதிநீரில் உருக்குலையும். அதன் மென்மையும் இரவல் மென்மைதான். கலந்துள்ள நெகிழ்வூட்டி மெல்ல வெளியேற வெளியேற, மூக்கருகே உடற்சூட்டிலும் வியர்வையிலும் இருக்கும் பகுதி விறைத்துப்போகும். ஆகவே அதைப் பேணுவதென்றால் உரிய காலத்தில் மாற்றுவது. பொருளைத் தேயும்வரை பயன்படுத்துவதைப் பண்பாகக் கொண்ட நம் வீடுகளில் இந்த வேறுபாடு எளிதில் மனத்தில் ஏறுவதில்லை. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் குழாயை எறிய யாருக்கும் மனம் வருவதில்லை.

மணிக்கணக்கு

1950களில் வேல்ஸில் ஜே. ஈ. கோட்ஸும் அவருடைய குழுவினரும், நோயாளி தூக்கிச் செல்லக்கூடிய சிறு சிலிண்டரைக் கொடுத்து, மூச்சிரைப்பவர்களால் கூடுதலாக நடக்க முடிகிறது என்று 1956இல் காட்டினார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்காவின் டென்வர் நகரில், தாமஸ் பெட்டி 1960களின் நடுவில் திரவ ஆக்ஸிஜன் குடுவைகளைத் தோளில் மாட்டி நோயாளிகளை நடக்கச் செய்தார். கட்டிலில் கிடத்திக் கொடுக்க வேண்டிய மருந்து என்ற நம்பிக்கை தளர்ந்தது.

உறுதியான சான்று 1980இலும் 1981இலும் வந்தது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் இரத்தத்தில் பிராணவாயு கடுமையாகக் குறைந்திருந்த 203 பேரிடம் வட அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. இரவையொட்டிச் சுமார் 12 மணி நேரம் மட்டும் வாயு பெற்றவர்களின் இறப்பு விகிதம், நாளுக்குச் சராசரியாக 18 மணி நேரம் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பிரிட்டனின் ஆய்வில் 87 பேர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் நாளுக்கு 15 மணி நேரம் மூக்குக் குழாயால் பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுகளில் 19 பேர் இறந்தனர், பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தனர். இலேசான குறைபாடு உள்ளவர்களுக்கு இத்தகைய ஆயுள் நீட்டிப்பு இல்லை என்பதை 738 பேரிடம் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வு தெளிவாக்கியது. எனவே யாருக்கு, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அளவு மிகுந்தால் சிலருக்குக் கரியமில வாயு உடலில் தேங்கித் தீங்கு விளையும்.

இந்த எண்கள் சொல்வது ஒன்றே. வாயுவைப் பெறுவது மட்டும் போதாது, எத்தனை மணி நேரம் பெறுகிறார் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. இனிக் குழாய்க்கு வருவோம். காதுமடலில் புண் வந்தால் நோயாளி குழாயைக் கழற்றி வைப்பார். மூக்கு வறண்டு எரிந்தால் கழற்றுவார். குளியலறைவரை எட்டவில்லையென்றால் கழற்றுவார். விருந்தாளி வந்தால் கூச்சப்பட்டுக் கழற்றுவார். ஒவ்வொரு கழற்றலும் அந்த 15 மணி நேரத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. காதுமடல் புண்ணை அற்பம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கட்டுத்தறியின் நீளம்

எஸ்ஸோ நிறுவனத்தின் சார்ல்ஸ் ஸ்கார்ஸ்ட்ராம், அழுத்தத்தில் நைட்ரஜனைப் பிடித்துவைத்து, அழுத்தம் குறைந்ததும் விட்டுவிடும் ஸியோலைட் மணிகளைக்கொண்டு காற்றைப் பிரிக்கும் முறைக்கு 1960இல் காப்புரிமை பெற்றார். 1970களில் அம்முறை வீட்டுக் கருவியாயிற்று. அதுவே இன்று கான்சன்ட்ரேட்டர் என்று அறியப்படும் ஆக்ஸிஜன் செறிவூட்டி. சிலிண்டர் தீரும் கவலை போயிற்று. ஆனால் அறையில் ஓரிடத்தில் நின்று இரையும் எந்திரத்தோடு மனிதர் கட்டுண்டார். கயிற்றின் நீளமே மாட்டின் மேய்ச்சல் நிலம் என்பதுபோல, குழாயின் நீளமே அவருடைய வீடு.

மூக்குக் குழாய் பொதுவாக 7 அடி, அதாவது சுமார் 2 மீட்டர். அதனோடு 25 அடி அல்லது 50 அடி நீட்டிப்புக் குழாயை இணைக்கலாம். 50 அடிக்கு, அதாவது 15 மீட்டருக்கு மேல் வேண்டாம் என்பது பெரும்பாலான கருவிகளின் கையேடு சொல்வது. நீளம் கூடினால் வாயு குறையாதா என்ற ஐயம் இயல்பானது. இதற்கு விடை 1840களிலேயே வந்துவிட்டது. இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவாஸேய் கண்ட விதிப்படி, குழாயின் நீளம் இரு மடங்கானால் தடையும் இரு மடங்காகும். ஆனால் உள்விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும். அதாவது 15 மீட்டர் குழாயைவிட, கட்டில் காலின் கீழ் நசுங்கிய ஓர் அங்குலமே பெரிய எதிரி. ஆகவே நீட்டிப்புக் குழாய் வாங்கும்போது, நசுங்கினாலும் வழி முற்றிலும் அடையாதபடி உட்புறம் நட்சத்திர வடிவில் வரிகள் அமைந்ததாகப் பார்த்து வாங்குவது நல்லது. இணைக்கும் இடத்தில் சுழலும் இணைப்பான் இருந்தால் குழாய் முறுக்கேறாது. நீட்டிப்புகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போவதைவிடத் தேவையான நீளத்தில் ஒரே குழாய் மேல். ஒவ்வோர் இணைப்பும் ஒரு கசிவிடம்.

தோளில் மாட்டிச் செல்லும் சிறு கருவிகள் வேறு வகை. அவற்றுள் பெரும்பாலானவை மூச்சை உள்ளிழுக்கும் கணத்தை உணர்ந்து அப்போது மட்டும் வாயுவைச் செலுத்துகின்றன. நீண்ட குழாயில் அந்த மெல்லிய இழுப்பு கருவியை எட்டாது போகலாம். அவற்றுக்குக் கையேடு சொல்லும் குட்டைக் குழாயே பொருந்தும். மூக்கு முனைகளில் நேரானவை, வளைந்தவை எனப் பல உண்டு. வளைந்தவற்றின் வளைவு கீழ்நோக்கி, மூக்கின் உட்போக்கைப் பின்பற்றி அமைய வேண்டும். தலைகீழாக அணிந்தவர்களை நாம் அடிக்கடி காணலாம். நிமிடத்துக்கு 6 லிட்டருக்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரண மூக்குக் குழாய் உதவாது, அகலமான வேறு வகை உண்டு. காது புண்ணாகிறவர்கள் மென்மையான சிலிக்கோன் வகையை நாடலாம், அல்லது காதின் மேல் தங்கும் பகுதியில் பஞ்சுறை மாட்டலாம்.

நீளம் தரும் விடுதலைக்கு விலையும் உண்டு. முதியவர் தம் குழாயிலேயே கால் தடுக்கி விழுவது இச்சிகிச்சையின் அறியப்பட்ட ஆபத்து. சுவரோரமாகக் குழாயைப் போடுவதும், நிறமற்ற குழாய்க்குப் பதில் பச்சை நிறத்தைத் தேர்வதும், நிலைப்படியிலும் கதவிடுக்கிலும் நசுங்காமல் பார்ப்பதும், பாய்க்கு அடியில் மறைக்காதிருப்பதும் வீட்டாரின் வேலை.

பேணுதலின் ஒழுங்கு

2021 ஏப்ரல், மே மாதங்களில் கோவிட் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது, இந்திய நடுத்தர வீடுகளுக்குள் செறிவூட்டிகள் நுழைந்தன. பிராணவாயு என்ற சொல் ஒவ்வொரு வீட்டின் கவலையானது. அலை ஓய்ந்தபின் பல கருவிகள் பரணேறின. அவற்றை மீண்டும் இறக்கி ஒரு பெரியவருக்குப் பொருத்தும்போது, எந்திரத்தைப் பழுது பார்க்கிற அக்கறை குழாய்க்குக் கிடைப்பதில்லை. பழைய மூக்குக் குழாயை எக்காரணம் கொண்டும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒருவர் அணிந்ததை இன்னொருவர் அணிவதும் கூடாது.

நாள்தோறும் செய்ய வேண்டியவை சிலவே. மூக்கு முனைகளை ஈரத்துணியால் துடைப்பது. வாரம் ஒருமுறையேனும் இளஞ்சூடான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு அம்முனைகளைக் கழுவி, அலசி, நன்றாக உலர்த்துவது. ஈரப்பதக் குடுவை இருந்தால், காய்ச்சி ஆறிய நீரையோ வடிகட்டி வடித்த நீரையோ அன்றாடம் புதிதாக நிரப்புவது. பழைய நீரின் மேலேயே ஊற்றிக்கொண்டே போனால் கிருமிகள் வளரும். நிமிடத்துக்கு 4 லிட்டருக்குக் குறைவாகப் பெறுகிறவர்கள் பலருக்கு இக்குடுவை தேவைப்படுவதேயில்லை. குளிரூட்டிய அறையில் நீண்ட குழாய்க்குள் நீர்த்துளிகள் தேங்கினால், குழாயைக் கழற்றித் தொங்கவிட்டு வடித்து உலர்த்த வேண்டும், அதுவரை மாற்றுக் குழாயை இணைக்க வேண்டும்.

மூக்குக் குழாயை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், நீட்டிப்பைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும் மாற்றுவது பரவலான வழக்கம். உரிய கையேடு சொல்வதே இறுதி. சளிக்காய்ச்சல் வந்து தேறினால் கணக்குப் பாராமல் உடனே மாற்றிவிடலாம். மஞ்சளித்தாலோ, விறைத்தாலோ காலம் முடிந்ததாகவே பொருள். ஒட்டுத்தாளில் தேதியெழுதிக் குழாயில் சுற்றிவைக்கும் வீடுகளில் இந்தக் குழப்பம் எழுவதில்லை.

கருவி ஓடுகிறது, அளவு காட்டியில் குண்டு நிற்கிறது என்பதாலேயே மூக்கிற்கு வாயு வருகிறது என்று நம்பிவிடக் கூடாது. இடையில் கசிந்தால் குண்டு அசையாது நிற்கும். ஒரு தம்ளர் சுத்த நீரில் மூக்கு முனைகளை அமிழ்த்தினால் குமிழ்கள் வர வேண்டும். குமிழ் வராவிடில் பின்னோக்கி ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்து வரவேண்டும். பெரும்பாலும் குற்றவாளி ஈரப்பதக் குடுவையின் சரியாகத் திருகாத மூடியாகவே இருக்கும். முனையை விரலால் மடக்கினால் சில குடுவைகளில் சீழ்க்கையொலி எழும். எழுந்தால் வழியில் கசிவில்லை.

நெருப்பைப் பற்றி ஒரு சொல். ப்ரீஸ்ட்லியின் மெழுகுவர்த்தி கொழுந்துவிட்டு எரிந்ததை மறக்கக் கூடாது. பீடி, சிகரெட் மட்டுமன்று, பூஜையறை விளக்கு, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், சமையல் அடுப்பு எல்லாமே விலகியிருக்க வேண்டியவை. குழாயில் பற்றிய தீ முகத்தையும் சுடக்கூடும். பிரிட்டன் முதலிய நாடுகளில் தீப்பட்டதும் வாயுவை அடைக்கும் சிறு தடுப்பைக் குழாயிலேயே பொருத்துகிறார்கள். வறண்ட மூக்கிற்கு வாஸலினோ எண்ணெயோ தடவுவதும் தவறு, நீரில் கரையும் களிம்பே தக்கது. வாயு வந்துகொண்டிருக்கும் குழாயைப் போர்வையின்மேல் கழற்றிப் போடுவதும் ஆபத்து. துணி வாயுவை ஊறவைத்துக்கொண்டு தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

புனலைப் பிடித்துக்கொண்டிருந்த மருத்துவர்கள் அறியாமையில் செய்த பிழையை, நசுங்கிய குழாயைக் கவனியாத வீட்டில் நாமும் செய்கிறோம். இரண்டிலும் வாயு குறைவில்லாமல் இருக்கிறது, நோயாளி மட்டும் திணறுகிறார். இச்சிகிச்சையின் சாதனங்களில் மிக மலிவானது இந்தக் குழாய். மாற்றுக் குழாய்கள் இரண்டு எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். காலையில் பெரியவருக்குக் காப்பி கொடுக்கும்போதே, அவருடைய காதுமடலையும், மூக்கு முனையையும், சுவரோரம் கிடக்கும் அந்த நீண்ட குழாயையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ப்ரீஸ்ட்லியிலிருந்து ஸ்கார்ஸ்ட்ராம்வரை, தோட்டத்தில் பால் வடித்தவர்கள் உட்பட, எத்தனையோ பேர் 200 ஆண்டுகளில் கொண்டுவந்து சேர்த்த வாயு அங்கேதான் கடைசி முழத்தைக் கடக்கிறது.